ஐம்பத்தாறு கையெழுத்து

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் சாலையில் இருக்கும் அமிர்தவர்ஷினி அடுக்ககத்தில் பகல் பதினோரு மணி என்பது மற்ற ஊர்களின் நடுச்சாமம் மாதிரி. ஏழு மாடி, எண்பத்து நாலு வீடு. முக்கால்வாசி வாடகைக்கு விட்டவை. ஒரு வீட்டில் நாலு பேர், ஆறு பேர் என்று தெற்கத்திப் பிள்ளைகள். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டு படுத்துவிடுவார்கள். வீட்டு உரிமையாளர் சங்கத்துச் செயலாளர் ராமன் அந்த நேரத்தில் வாசலில் நின்று சத்தமாக ஃபோன்கூடப் பேசமாட்டார். அவ்வளவு மரியாதை வைத்திருந்தார் அந்தத் தூக்கத்துக்கு.

அப்படி ஊரே தூங்கிக்கொண்டிருந்த ஒரு தை மாதச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத்தான் தரைத்தளத்து மீட்டர் ரூம் பற்றிக்கொண்டது.

தீ என்னவோ ஒரு ஆள் உயரம்தான். ஆனால் புகை மேலே போக நல்ல வழி இருந்தது. மீட்டர் ரூமிலிருந்து ஏழாவது மாடி வரைக்கும் ஒயர்கள் ஏறிப் போகிற செங்குத்துப் பொந்தை மாடிக்கு மாடி அடைத்திருக்க வேண்டும். கட்டியவர் அடைக்கவில்லை, ஒவ்வொரு மாடியிலும் அதன் வாயில் ஒரு பலகைக் கதவைச் சாத்தி வெள்ளையடித்துவிட்டுப் போய்விட்டார். பத்து நிமிஷத்தில் முன்பக்கப் படிக்கட்டில் முதல் மாடிக்கு மேல் கால் வைக்க முடியவில்லை. எல்லாரும் பின்பக்கப் படிக்கட்டுக்கு ஓடினார்கள். அதன் அடியில் இரும்பு கேட். கேட்டில் பூட்டு. பூட்டியவர் ராமன். வெளியாட்கள் மொட்டைமாடிக்கு ஏறிப் போகிறார்கள் என்று எட்டு மாதத்துக்கு முன்னால் அவரே வாங்கிப் போட்ட பூட்டு.

சாவி அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் அன்றைக்கு ஓடியது போல அவர் ஓடியதில்லை. சாவியோடு அவர் கேட்டுக்கு வந்தபோது உள்பக்கம் நாற்பது பேருக்கு மேல் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவரும் கேட்டில் முட்டி மோதவில்லை. படிப்படியாகக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒரு பெண், ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, பஸ் கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"குனிஞ்சே இருங்க. ஒருத்தரும் எந்திரிக்காதிய. செக்ரட்டரி அண்ணாச்சி சாவி எடுத்துட்டு வாராவ. இந்தா வந்துட்டாவ."

அவர் சாவி எடுக்கப் போனது அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. கூட்டம் மிதிபடாமல் இருக்க அவளாகச் சொன்ன பொய் அது. அது மெய்யாகிப்போனது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

ராமன் அவசரத்தில் சாவியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். சாவி துவாரத்தில் நுழையவில்லை. கம்பி வழியாகக் கையை நீட்டி, "குடுங்க இங்க" என்று வாங்கி அவளே திறந்தாள். வெளியே வந்தவர்களை அறைவாரியாக நிற்க வைத்து எண்ணினாள். ஒரு தலை குறைந்தது. அவளுடைய அறைத் தோழி அன்னக்கிளி. "அஞ்சாவது மாடி. காய்ச்சல்னு மாத்திரை போட்டுட்டுப் படுத்திருக்கா" என்று சொன்னவள், ராமன் "ஏய், பொண்ணு, போவாதம்மா" என்று கத்துவதற்குள் துண்டை மறுபடி நனைத்துக் கட்டிக்கொண்டு மேலே போய்விட்டாள். அவள் திரும்பி வந்தபோது அன்னக்கிளி அவள் தோளில் கிடந்தாள். இருவர் முகமும் கரிச்சட்டி.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. உயிர்ச்சேதம் இல்லை. அன்னக்கிளி மட்டும் தண்டலத்து ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் செல்வலட்சுமி என்பதே ராமனுக்கு மறுநாள்தான் தெரியும். சங்கரன்கோவில் பக்கம். இருபத்து மூன்று வயது. கம்பெனியில் தீ விபத்து என்றால் முன்னால் ஓட வேண்டிய குழுவில் அவளும் ஒருத்தி. அதற்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அவள் அவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டது முதலில் அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவர் ஊரில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர்.

"துவரம்பருப்பு அரைக் கிலோ கட்டவாம்மா?" என்று கேட்டார் ஒரு நாள்.

"எங்க ஊர்ல பெரியவங்களுக்கு மரியாத அது" என்றாள் அவள், சிரிக்காமல்.

ராமன் உள்ளூர்க்காரர். கம்பெனிகள் வந்தபோது குடும்பத்து நிலம் கைமாறியது. அதில் வந்த பங்கில் முதல் மாடியில் நூற்று இரண்டாம் எண் வீட்டை வாங்கிக்கொண்டார். சங்கத்துக்குச் செயலாளராக யாரும் வராதபோது அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மின்சாரக் கட்டணம், லிஃப்ட், குப்பை வண்டி எல்லாம் அவர் பொறுப்பு. தீ நடந்த பிறகு பத்து நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி ரத்னா, "அதான் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலையே, இன்னாத்துக்கு இப்டி குந்திகினு கீற?" என்று கேட்டுப் பார்த்தாள். பூட்டுதான் காரணம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பூட்டை அவர் அன்றைக்கே கழற்றி எறிந்துவிட்டார். வேறொன்று இருந்தது. அதை அவர் ரத்னாவிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி முதல் வாரம் செல்வலட்சுமி அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு அச்செடுத்த தாள். அடுக்ககங்களில் தீப்பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்ய அரசு நிதி தரப்போகிறது. செலவில் பெரும்பங்கு அரசு; மீதியை வீட்டுக்காரர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். சங்கம்தான் மனுப் போட வேண்டும். வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு உரிமையாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும். குறைகளை மறைக்காமல் எழுத வேண்டும், அரசுப் பொறியாளர் வந்து பார்ப்பார். கடைசித் தேதி மார்ச் முப்பத்தொன்று.

"நமக்குன்னே போட்ட மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்றாள். "எம்பத்து நாலுல மூணுல ரெண்டு பங்குன்னா அம்பத்தாறு. அம்பத்தாறு கையெழுத்து வேணும்."

ராமன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓனருங்க ஒருத்தன் துபாய்ல கீறான், ஒருத்தன் பெங்களூர்ல கீறான். மீட்டிங் போட்டா ஒம்போது பேர் வருவான். அதுல நாலு பேர் சண்டை போட வருவான். ஆவற கதையாம்மா இது?"

"நான் வாடகைக்கு இருக்கவ. நான் போட்ட கையெழுத்து செல்லாது. செல்லும்னா நாளைக்கே முடிச்சுருவேன்" என்றாள். "மீட்டிங் மட்டும் போட்டுக் குடுங்க."

மீட்டிங் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஏழாவது மாடியில், பகலவனின் காலி வீட்டில். பகலவன் குன்றத்தூர்க்காரர். அந்தக் கட்டடத்தில் மட்டும் ஆறு வீடு வைத்திருந்தார். அவர் தலையாட்டினால் மற்றவர்களும் ஆட்டுவார்கள். அவருக்காகவே இருபத்தேழு பேர் வந்திருந்தார்கள். செல்வலட்சுமி வாசலோரம் நின்றாள். வாடகைக்காரர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை, பேச்சும் இல்லை.

பகலவன் காகிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். "பில்டிங்ல குறை கீதுன்னு நம்மளே கவர்மென்ட்டுக்கு எழுதிக் குடுக்கணுமாம். குடுத்தா இன்னா ஆவும்? நாளைக்கு வூட்ட விக்கப் போனா எவன் வாங்குவான்? பேங்க்காரன் லோன் குடுப்பானா? ஒரு தபா ஷார்ட் சர்க்யூட் ஆச்சு. ஒயர மாத்தியாச்சு. பெயின்ட் அடிச்சாச்சு. அவ்ளோதான் மேட்டர்."

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று ராமனால் சொல்ல முடியவில்லை. பலர் தலையாட்டினார்கள். ஒருவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். ராமனுக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. காகிதம் இப்படியே மடங்கிப் போய்விடட்டும் என்று நினைத்தார். அப்படி நினைத்ததை உடனே வெறுக்கவும் செய்தார்.

அப்போதுதான் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரு அம்மாள் கேட்டாள்: "யார் வூட்ல பூஜை? சாம்பிராணி வாசனை வருது?"

எல்லாருக்கும் வந்தது. மெல்லிய வாசனை ஒரு நிமிஷத்தில் கனத்தது. ஒயர்ப் பொந்தின் பலகைக் கதவு இடுக்கிலிருந்து வெள்ளை நூல் மாதிரி புகை கிளம்பி நடையில் தவழ்ந்தது. பகலவன் எழுந்து வந்து அதைப் பார்த்தார்.

"பூஜை இல்ல சார்" என்றாள் செல்வலட்சுமி. முதல் தடவையாக வாய் திறந்தாள். "கீழ மீட்டர் ரூம்ல அன்னக்கிளி தூபக்கால் வச்சிருக்கா. பத்து நாப்பதுக்குப் பத்த வச்சோம். இப்ப பத்து நாப்பத்தாறு. ஆறு நிமிசம் சார். ஒயரு எரிஞ்சா இதவிட வேகமா வரும். இந்த வாசனையும் வராது. நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்குதவளுக்கு எதுவுமே தெரியாது."

பகலவன் படியிறங்கிப் போனார். ஏழு மாடியும் நடந்தே போனார். பின்னாலேயே ராமனும் போனார். மீட்டர் ரூமில் அன்னக்கிளி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரமாகியும் அவள் தொண்டை திறக்கவில்லை. அவள் காலடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மண் தூபக்கால்.

"இம்மாத்துண்டா?" என்றார் பகலவன்.

"ஆமா சார்" என்றாள் அன்னக்கிளி. பேச்சு காற்றாகத்தான் வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் அவர் முகம் மாறிப்போனது.

மேலே வந்து பேனாவை வாங்கி ஆறு வீட்டுக்கும் ஆறு கையெழுத்துப் போட்டார். "வெல எறங்கினா எறங்கட்டும்பா. பொணம் எறக்கறதுக்கு இது தேவல" என்றார். அன்றைக்கு முப்பத்தொரு கையெழுத்து ஆயிற்று.

மீதியைச் சேர்க்க செல்வலட்சுமி செய்த வேலையைப் பார்த்துத்தான் ராமனுக்கு அவள்மேல் பிரமிப்பே வந்தது. பத்து வருஷமாகச் சங்கம் தேடியும் கிடைக்காத வீட்டுக்காரர்களை அவள் பதினைந்து நாளில் பிடித்தாள். வழி ரொம்பச் சாதாரணம். வீட்டுக்காரர் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் மாதம் ஐந்தாம் தேதி வாடகைக்காரர் அழைத்தால் ஃபோனை எடுப்பார். மார்ச் ஐந்தாம் தேதி அவள் சொல்லிக் கொடுத்தபடி கட்டடம் முழுக்கப் பிள்ளைகள் ஃபோன் செய்தார்கள். "சார், வாடகை போட்டாச்சு. ஒரு கையெழுத்து வேணும் சார்." யாரும் கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. தாங்கள் எந்த மாடியில், எந்த மூலையில் படுக்கிறோம், அன்றைக்கு எப்படி இறங்கினோம் என்று மட்டும் சொன்னார்கள். துபாய்க்காரர் அன்றிரவே கையெழுத்திட்ட தாளைப் படமெடுத்து அனுப்பி, அசலைக் கூரியரிலும் போட்டார். பெங்களூர்க்காரர் காரை எடுத்துக்கொண்டு வந்து வீட்டைப் பார்த்துவிட்டு, தன் வீட்டில் ஆறு பேர் இருப்பதே தனக்குத் தெரியாது என்று தலையில் கைவைத்தார். ஓரிருவர் திட்டினார்கள். "வாடகைக்கு வந்தவளுக்கு இவ்ளோ வாய் எதுக்கு?" என்று ஒருவர் கேட்டது ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. செல்வலட்சுமி பென்சிலால் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த எண்ணைச் சொன்னாள்.

இதையெல்லாம் அவள் தூக்கத்தில் பிய்த்து எடுத்த நேரத்தில்தான் செய்தாள். எட்டு மணி நேரம் கம்பெனி லைனில் நின்றுவிட்டு வந்து, நாலு மணி நேரம் தூங்கி, தலையைக்கூட வாரிக்கொள்ளாமல் கிளம்பிவிடுவாள். ரத்னா அவளுக்கென்று ஒரு தட்டு சோறு எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி மாலை பட்டியலோடு வந்தாள்.

"அம்பத்தஞ்சு ஆயிட்டு அண்ணாச்சி. இன்னும் ஒண்ணு வேணும்."

"யாரும்மா பாக்கி? நான் பேசறேன்" என்று ராமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவள் விரல் வைத்த இடத்தில் இருந்த எண் நூற்று இரண்டு. அவருடைய வீடு.

மனுவை எழுதியவர் அவர், மீட்டிங் போட்டவர் அவர். தன் கையெழுத்தை மட்டும் அவர் போடவில்லை. மறதி என்று அவள் நினைத்துக்கொள்வாள் என்று நம்பியிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அப்படி நினைத்த முகமில்லை அது.

ரத்னா உள்ளே போகும் வரை காத்திருந்து மெதுவாகச் சொன்னார். "தீயணைக்கிற பம்பு கீது பாரு, அது நல்லா ஓடுதுன்னு வருசா வருசம் எழுதி வெக்கணும். மூணு வருசமா நான்தான் கையெழுத்துப் போட்டுகினு வந்தேன். மொத வருசம் எலக்ட்ரீசியன் வரல. அப்புறம் வந்துடுவான், போடுவோம்னு போட்டேன். அடுத்த வருசம் அதுவே பழக்கமாயிடுச்சி. அந்தப் பம்பு ஓடி நான் கண்ணால பாத்ததே இல்லமா. இந்த மனு போச்சுன்னா இன்ஜினியர் வருவாங்க. ஃபைலைக் கேப்பாங்க."

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி."

ராமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படி?"

"தீ பிடிச்ச மறுநாளே பம்பு ரூமுக்குப் போனேன். மோட்டார் மேல குளவி கூடு கட்டியிருக்கு. கூட்டுக்கு மேல கூடு. மூணு வருசத்துக் கூடு அது. பக்கத்துலயே சுவத்துல தாள் ஒட்டியிருக்கு, உங்க கையெழுத்தோட."

"அப்பவே தெரிஞ்சும் நீ ஒருத்தர்கிட்டயும் சொல்லலையா? பகலவன்கிட்ட சொல்லியிருந்தா என்னைத் தூக்கி எறிஞ்சிருப்பானே!"

"உங்கள மாட்டிவிட்டா பம்பு ஓடிருமா?" என்றாள் அவள். "எனக்கு வேண்டியது பம்புதான். உங்க கையெழுத்த நான் கேக்கவும் மாட்டேன். போடுதீயளா இல்லையாங்கது உங்க பாடு. நாளைக்கு வேற ஓனர் ஒருத்தரப் பாக்க காஞ்சிபுரம் போறேன். அவரு போட்டாலும் போடுவாரு."

காஞ்சிபுரத்துக்காரர் போடமாட்டார் என்பது ராமனுக்குத் தெரியும்; அவருக்குச் சங்கத்தோடு கோர்ட்டில் வழக்கு இருந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். ராமன் பேனாவை எடுத்து நூற்று இரண்டுக்கு நேரே கையெழுத்துப் போட்டார். போடும்போது அந்த மூன்று கையெழுத்தும் கண்ணுக்குள் வந்து போயின.

ஏப்ரலில் பொறியாளர் பிரவீனா வந்தார். சின்ன வயசு, கூரான பார்வை. பொந்தைப் பார்த்தார், தீயைத் தடுக்க வேண்டிய இடத்தில் மாட்டியிருந்த சாதாரண ஒட்டுப்பலகைக் கதவுகளைப் பார்த்தார், கடைசியில் கோப்பைப் புரட்டினார்.

"சார், பம்பு வேலை செய்யுதுன்னு மூணு வருஷமா சான்று இருக்கே? வேலை செய்யற பம்புக்கு நிதி தர முடியாது. பட்டியல்லேர்ந்து எடுத்துடவா?"

அறையில் சங்கத்து ஆட்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். பகலவனும் இருந்தார். செல்வலட்சுமி வழக்கம்போல் வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஆமாம், எடுத்துடுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மற்ற வேலைகளுக்குப் பணம் வந்துவிடும். அவருக்கும் ஒன்றும் ஆகாது. குழாயில் மட்டும் தண்ணீர் வராது.

"எடுக்காதீங்கம்மா" என்றார் ராமன். "அந்தச் சான்று பொய். நான்தான் போட்டேன். பம்பு ஓடாது. எங்க எழுதிக் குடுக்கணும்னு சொல்லுங்க, எழுதித் தரேன்."

பிரவீனா கோப்பை மூடினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "எழுதுங்க சார். நடவடிக்கை இருக்கும், அத என்னால தடுக்க முடியாது. ஆனா இத வாயால சொன்ன முதல் செக்ரட்டரி நீங்கதான்."

நடவடிக்கை இருந்தது. செயலாளர் பதவி அன்றைக்கே போனது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. மூன்று முறை காஞ்சிபுரத்து அலுவலகத்தில் போய் நின்றார். கடும் எச்சரிக்கையோடு விட்டார்கள். ரத்னா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்குத்தான், தீ நடந்த பிறகு முதல் தடவையாக, ராமன் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மே கடைசியில் செல்வலட்சுமி சொல்லிக்கொள்ள வந்தாள். கம்பெனியில் இரண்டு வருஷ ஒப்பந்தம், முடிந்துவிட்டது. ஓசூரில் வேறு வேலை கிடைத்திருந்தது.

"முடியப் போவுதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார் ராமன்.

"சேர்ந்த அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. தேதி போட்டுத்தான குடுப்பாவ."

"அப்ப மனுப் போடச் சொல்லி நீ என் கதவைத் தட்டினப்பவே, வேலை நடக்கும்போது நீ இங்க இருக்க மாட்டேன்னு தெரியும்."

"தெரியும்."

"உன் வூடு இல்ல, உன் ஊரு இல்ல. அப்புறம் இன்னாத்துக்கும்மா இம்மாம் பாடு?"

அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்காதது போல் இருந்தது. "நான் போனா அந்த ரூம்ல வேற ஒருத்தி வந்து படுப்பால்லா?" என்றாள். பிறகு ரத்னாவின் பக்கம் திரும்பி, "அக்கா, அன்னக்கிளிக்கு மருந்து இன்னும் ஒரு மாசம் இருக்கு. தண்டலத்துக்குப் போனாளான்னு மட்டும் பாத்துக்கிடுங்க" என்றாள். ரத்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பஸ் ஏற்றிவிட இரண்டு பேரும் ஒரகடம் கூட்டுரோடு வரைக்கும் போனார்கள்.

ஆகஸ்டில் நிதி வந்தது. மாடிக்கு மாடி பொந்தை அடைத்தார்கள். கனமான, தானாக மூடிக்கொள்ளும் கதவுகள் வந்தன. எல்லா மாடியிலும் எச்சரிக்கை மணி. புதுப் பம்பை இறக்கிய நாளில் ராமன் கூடவே நின்றார். பதவி இல்லாவிட்டாலும் வாராவாரம் அதை ஓட்டிப் பார்க்கிற வேலையைத் தனக்குக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டார். பகலவன்தான் எழுந்து சொன்னார்: "அவருக்கே குடுங்கப்பா. அந்தாளு இனிமே பொய் எழுதமாட்டாரு."

டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை முதல் ஒத்திகை வைத்தார்கள். மணி அடித்ததும் எல்லாரும் இறங்கி வாசலில் கூட வேண்டும். அடித்தது. கதவுகள் திறந்தன. லுங்கியோடும் நைட்டியோடும், பாதித் தூக்கத்தோடும், சிலர் பல்துலக்கும் பிரஷ்ஷோடும் முந்நூறு பேர் இரண்டு படிக்கட்டிலும் இறங்கி வந்தார்கள். ஐந்தாவது மாடியிலிருந்து, செல்வலட்சுமி இருந்த அறையில் புதிதாக வந்து சேர்ந்திருந்த பெண்ணும் வந்தாள். விளாத்திகுளத்துப் பெண்; யாருக்காக இவ்வளவும் நடக்கிறது என்று தெரியாமல் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றாள். ராமன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கூட்டம் கலைந்ததும் ஓசூருக்கு ஃபோன் போட்டார். மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் கேட்டது. ராமன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்: மணி அடித்தது, கதவு மூடியது, பம்பு தண்ணீர் நாலாவது மாடி உயரத்துக்குப் பீய்ச்சியது, பகலவன் நனைந்து போனது.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "எத்தன நிமிசத்துல எல்லாரும் எறங்குனாவ அண்ணாச்சி?"

"ஒம்போது."

"அது சாஸ்தி. அஞ்சுல எறங்கணும்."

ஃபோனை வைத்துவிட்டு ராமன் வாசலுக்கு வந்து, பிரிந்து போய்க்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்பா, யாரும் திட்டாதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடியும் கீது!"